மொட்டைக்கு ஒரு சான்றிதழ்

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் சமயபுரம். மாரியம்மனுக்கு முடி இறக்க அங்கே ஒரு காலத்தில் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் அறநிலையத் துறை அமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, துறையின் கோயில்களில் இனி மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்துவிட்டார். ஆக, இன்றைய தேதியில் இந்த வட்டாரத்தில் காசு வாங்கிக்கொண்டு மொட்டை அடிக்கிற தொழில் ஒன்றுதான் பாக்கி. அதன் பெயர் புகைப்படப் போட்டி.

நான் அதில் நாலு தடவை தலை கொடுத்தவன். பகலில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் புகைப்படக் கலைஞன். கேமரா செகண்ட் ஹேண்ட், லென்ஸ் தவணை, தோள்பை மட்டும் முழுசாகச் சொந்தம். என்னைப் போன்றவர்கள் திருச்சியில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால், ஆடிப்பெருக்கன்று காலை அம்மா மண்டபம் படித்துறைக்கு வாருங்கள். புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிற பெண் தலை நிமிர்ந்தால் மூக்குக்கு முன்னால் மூன்று லென்ஸ். அவள் காவிரியைக் கும்பிடுகிறாள், நாங்கள் அவளைச் சுற்றி முட்டி போட்டிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரே ஆசைதான்: நம்ம படமும் நாலு பேர் கண்ணில் படாதா. அந்த ஆசையை மோப்பம் பிடித்துத்தான் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற நேரத்தில் ஆகஸ்ட் 19 வரும். உலகப் புகைப்பட தினம். 1839-இல் டாகுவேரின் முறையைப் பிரெஞ்சு அரசு வாங்கி, அதன் ரகசியத்தைப் பாரீசில் ஊரறிய அவிழ்த்துவிட்ட நாள் அது. அந்தத் தாராள மனசைக் கொண்டாட நம் வாட்ஸப்பில் வருகிற அழைப்பிதழில் நுழைவுக் கட்டணம் 300 ரூபாய். கூடுதல் படம் ஒவ்வொன்றுக்கும் 100. ஜிபே பண்ணிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும். நடத்துகிறவருக்கு மணப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ காக்காய் தெரியாது. போட்டியின் பெயரில் மட்டும் ‘இன்டர்நேஷனல்’ கட்டாயம் இருக்கும்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஆயிரம் பேர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் ரூபாய். முதல் பரிசு 10,000, இரண்டாம் பரிசு 5,000, மூன்றாம் பரிசு ஒரு டிரைபாட். மிச்சம் எங்கே என்று கேட்டால் “கலைச் சேவை” என்பார்கள். சீட்டுக் கம்பெனி நடத்தினவனாவது ஒரு ராத்திரியில் ஷட்டரை இழுத்துவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. இவர் ஓட வேண்டியதில்லை. அடுத்த ஆகஸ்டில் இரண்டாம் ஆண்டு விழா.

எனக்கும் ஒரு பரிசு கிடைத்தது. கிடைக்காமல் இருக்காது. பதினான்கு பிரிவுகள், பிரிவுக்கு மூன்று பரிசு, அதற்குக் கீழே ‘ஜூரி சாய்ஸ்’, ‘சேர்மன் சாய்ஸ்’, ‘ஹானரபிள் மென்ஷன்’ என்று வடைமாலை மாதிரி கோத்து வைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பின்னால் மழைமேகம் திரண்ட என் படத்துக்கு ஹானரபிள் மென்ஷன். வாழ்த்துச் செய்தியின் இரண்டாவது வரி: “மெடலும் சான்றிதழும் பெற கூரியர் மற்றும் பேக்கிங் செலவு ரூ. 650.” கட்டினேன். வந்தது. சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து குறைவு, ஊர் ‘ஸ்ரீநகர், தமிழ்நாடு’. மெடலைக் கையில் வாங்கிப் பார்த்த என் மனைவி, “ஏங்க, நம்ம பையன் சாக்கு ஓட்டத்துல வாங்கினது இதைவிட கனமா இருந்துச்சே” என்றாள். அவன் அதற்கு 650 ரூபாய் கட்டவும் இல்லை.

இன்னொரு போட்டியின் பரிசளிப்பு விழாவுக்கு நேரில் போயிருந்தேன். மூன்று மணி நேரம். சிறப்பு விருந்தினர் கேமராவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், அதில் முப்பது நிமிடம் தன் தொகுதியைப் பற்றி. மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை. பரிசு பெற்ற படங்களை, ஜன்னல் திரை போடாத மண்டபத்தில், வெளுத்துப் போன புரொஜெக்டரில் நாலு நிமிடம் ஓட்டினார்கள். ஆற்றைக் காட்டினார்களா வானத்தைக் காட்டினார்களா என்று எடுத்தவருக்கே தெரியவில்லை. அந்த மண்டபத்தில் அன்றைக்குப் புகைப்படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு வெளியே போனவர் ஒரே ஒருவர்: விழாவைப் படமெடுக்க அமர்த்தியிருந்த கல்யாண போட்டோகிராபர்.

கட்டணமே இல்லாத போட்டிகளும் உண்டு. அவற்றில் லைக் எண்ணுவார்கள். எந்தப் படத்துக்கு லைக் அதிகமோ அதற்குப் பரிசு. ஓட்டுக்குக் காசு என்கிற திருமங்கலம் ஃபார்முலாவைக் கண்ட தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய மாமா கவுன்சிலர், சின்ன மாமா ஏழு வாட்ஸப் குழுவுக்கு அட்மின் என்றால், செருப்பைப் படமெடுத்து அனுப்பினாலும் ஜெயிக்கலாம். நடத்துகிற கம்பெனிக்கு வேண்டியது படமே இல்லை, அந்த ஏழு குழுக்கள்தான்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சிரிப்பு நின்றது ஒரு ஃபிளெக்ஸைப் பார்த்த அன்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், முப்பதடி உயரம். என் ராஜகோபுரம், என் மழைமேகம். கீழே கொட்டை எழுத்தில்: “கோபுர தரிசனத்துடன் மனைகள்! உடனே முந்துங்கள்!” 236 அடி, 13 நிலை கோபுரத்தின் மேல் நிலைகளை வெட்டிவிட்டு அங்கே ஒரு செல்போன் நம்பர். என் பெயர் எங்கும் இல்லை. போட்டி நடத்தியவரைக் கூப்பிட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை. “சார், ரூல்ஸ்ல பதினொண்ணாவது பாயின்ட் படிச்சீங்களா? நீங்கதானே டிக் பண்ணீங்க?”

படித்தேன், அப்போதுதான். வருகிற படங்கள் அனைத்தையும், ஜெயித்தாலும் தோற்றாலும், நிரந்தரமாக, உலகம் முழுவதும், எந்தத் தொகையும் தராமல், நடத்துபவரும் அவருடைய ‘பங்காளிகளும்’ பயன்படுத்தலாம். அதாவது நான் 300 ரூபாய் கொடுத்து என் படத்தை விற்றிருக்கிறேன். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் இறக்குகிற எந்த வியாபாரியும் மூட்டையையும் கொடுத்து, கையில் காசும் கொடுத்து, “அண்ணே, கொஞ்சம் வாங்கிக்குங்க” என்று கெஞ்சியதாகச் சரித்திரம் கிடையாது. எங்கள் வர்க்கம் மட்டும்தான் அதைச் செய்கிறது, சான்றிதழையும் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்கிறது.

சட்டம் நமக்கு எதிரி இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலிக்கோ சம்பளத்துக்கோ எடுக்காத படத்துக்கு எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவர் ஆயுளுக்கும், அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நிற்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு. எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள். இந்த இரண்டு கதவையும் சாத்தத்தான் அந்தப் பதினொன்றாவது விதியில் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொற்கள் குந்தியிருக்கின்றன. உரிமையை விற்ற பிறகும் “இது நான் எடுத்தது” என்று பெயர் கேட்கிற உரிமை 57-ஆம் பிரிவில் இருக்கிறது. விதி எழுதியவர் வக்கீலைப் பார்த்திருக்கிறார். டிக் அடித்தவன் வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, கௌரவமான போட்டிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. அவற்றுக்கும் பெயர் சலூன். எங்கள் வட்டாரத்தில் இந்தச் சொல்லைக் கேட்டதும் கை தானாகத் தலைக்குப் போகும், அதனால் விளக்கிவிடுகிறேன். ஐரோப்பாவில் 1950 முதல் இயங்குகிற ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பு, 1934-இல் தொடங்கிய அமெரிக்கப் புகைப்படச் சங்கம், இங்கே இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு ஆகியவற்றின் அங்கீகாரத்தோடு கிளப்புகள் நடத்துகிற கண்காட்சிப் போட்டிகள் இவை. இங்கேயும் கட்டணம் உண்டு. ஆனால் நடுவர் பெயர் முன்பே தெரியும், மதிப்பெண் வரும், ஜெயித்த படங்கள் கேட்டலாக்கில் நிற்கும், தகராறு என்றால் மேலே புகார் செய்ய ஓர் இடம் இருக்கும். தஞ்சாவூரில் பிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் டி.என்.ஏ. பெருமாள் போன்றவர்கள் உலகத்துக்குத் தெரிய வந்ததில் இந்தச் சலூன்களுக்கும் பங்கு உண்டு.

நோய் வேறு இடத்தில் இருக்கிறது. ‘சர்க்யூட்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரே படத்தை ஒரே தடவை அனுப்பினால் நாலைந்து கிளப்புகள் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லும். தேறினால் ஒரு கல்லில் நாலைந்து மாங்காய். மாங்காய் போதுமான அளவு சேர்ந்தால் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளலாம், அதற்கும் தனிக் கட்டணம். ஒரே மீன்கொத்தி, ஒரே மீன், முப்பது நாட்டுக் கண்காட்சி. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்துகள் பெயரைவிட நீளம். “அண்ணே, இந்த வருஷம் புதுசா என்ன எடுத்தீங்க?” என்றேன். “எங்கப்பா நேரம்? அப்லோடு பண்ணவே நேரம் சரியாப் போயிடுது” என்றார்.

இனி நிஜமாகவே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன்.

அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் துளசி விற்கிற ஒரு பாட்டி இருக்கிறார். முகமெல்லாம் சுருக்கம், மூக்கில் இரண்டு பக்கமும் பேசரி. போட்டிக்காரர்கள் பாஷையில் சொன்னால் ‘செம கேரக்டர்’. நான் கேமராவை எடுத்ததும் பாட்டி கூடையைக் கீழே வைத்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். முகவாய்க்குக் கையைக் கொடுத்துக் காவிரிப் பக்கம் சோகமாகப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏன் பாட்டி, சிரிச்ச மாதிரி இருங்களேன்.”

“போன வாரம் வந்த தம்பிங்க இப்படித்தான் உக்காரச் சொன்னாங்க. சிரிச்சா பிரைஸ் வராதாமே?”

“காசு குடுத்தாங்களா?”

“பத்து பேரு சேந்து அம்பது ரூவா குடுத்தாங்க. ஒரு மணி நேரம். அதுக்குள்ள மூணு கட்டு துளசி வாடிப்போச்சு.”

சிரித்தால் பரிசு வராது. நாலு வருடப் போட்டி முடிவுகளைப் புரட்டிப் பார்த்த நானே அந்த இலக்கணத்தை இவ்வளவு கச்சிதமாகச் சொன்னதில்லை. வறுமை வேண்டும், ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். பசி வேண்டும், ஆனால் பின்னணி மங்கலாக இருக்க வேண்டும். ஏழை வேண்டும், அவர் பெயர் வேண்டாம்.

இது உள்ளூர்ச் சரக்கு மட்டும் இல்லை. 2019-இல் துபாயின் ‘ஹிபா’ போட்டியில், குழந்தையைச் சுமந்து நிற்கிற வியட்நாம் தாயின் படத்துக்கு 1,20,000 டாலர் முதல் பரிசு. தலைப்பு ‘நம்பிக்கை’. கொஞ்ச நாளில் அதே இடத்தில் எடுத்த இன்னொரு படம் வெளியே வந்தது: அதே தாய், அவர் முன்னால் வரிசையாக ஒரு கேமராப் பட்டாளம். எடுத்தவர், காட்சியை யாரும் அமைக்கவில்லை, வழியில் எதிர்ப்பட்டவர்தான் என்றார். பரிசும் அவரிடமே இருந்தது. எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், துபாய்க்குப் பதில் படித்துறையில்.

பெரிய போட்டிகளும் ஏமாறுகின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-இல் வேலி தாண்டிய ஓநாய்க்கு முதல் பரிசு கிடைத்தது. பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். 2017-இல் பரிசு வாங்கிய எறும்புத்தின்னி, பஞ்சடைத்து வைத்த பாடம் போலிருக்கிறது என்று அடுத்த ஆண்டு அதையும் நீக்கினார்கள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பிழையைத் தெருவில் சொல்கிற நிர்வாகத்துக்குத்தான் நம் படத்தைப் பெறும் தகுதி. நம் வட்டாரத்தில் கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தகர மெடலைத் திரும்ப வாங்கவும் கூரியர் செலவு ஆகுமே.

இந்தப் போட்டிகள் எதை வேண்டாம் என்கின்றன என்று பாருங்கள், இன்னும் எரியும். தலைப்பு ‘எழில்மிகு திருச்சி’. இதே திருச்சியில்தான் 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்துக் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 2023 ஆகஸ்ட் 5 அதிகாலையில் ஸ்ரீரங்கம் கீழவாசல் கோபுரத்தின் கீழ்நிலையில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 2017-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருது வாங்கிய கோயில் இது. இதன் 21 கோபுரங்களையும் சூரிய உதயத்தில், அஸ்தமனத்தில், தண்ணீர்ப் பிம்பத்தில் எடுத்தாயிற்று. பெயர்ந்து நிற்கிற சுதையின் படத்தைப் போட்டிக்கு அனுப்பிப் பாருங்கள். “நெகடிவ்வா இருக்கு சார்” என்று பதில் வரும். ஆற்று மணலை அள்ளிப்போகிற லாரி வரிசையை அனுப்பினால் பதிலே வராது. கேடயத்துக்கு யார் ஸ்பான்சர் என்று நானும் கேட்பதில்லை.

இதே ஊரை எடுத்து, இன்றைக்கும் பேசப்படுகிற ஓர் ஆள் இருந்தார். கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1855-இல் மதராஸ் கண்காட்சியில் படங்களை வைத்துப் பரிசு வாங்கினார். அடுத்த ஆண்டு மதராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-இல் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் மெழுகு பூசிய காகித நெகடிவில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை அடுத்தடுத்து எடுத்து, 21 படங்களை ஒட்டிப் பத்தொன்பதடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். பிறகு கவர்னர் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார், அது வேறு எரிச்சல். ஆனாலும் பரிசுக்குப் பின்னால் வேலை வந்தது, வேலைக்குப் பின்னால் படம் வந்தது. நம் காலத்தில் மதுரை எம். பழனிகுமாரைப் பாருங்கள். மலக்குழியில் இறங்கிச் சாகிற துப்புரவுத் தொழிலாளர்களை வருடக்கணக்காகப் படமெடுத்தவர். 2022-இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் அவர்தான். அவர் படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு.

கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். போட்டியையும் அப்படிப் பாருங்கள். நடுவர் யார், அவர் எடுத்த படம் ஒன்றையாவது நீங்கள் பார்த்ததுண்டா? போன வருடம் ஜெயித்த படங்கள் எங்கே தொங்குகின்றன? உரிமை யாரிடம் நிற்கும்? ஜெயித்த பிறகு உங்களிடமே காசு கேட்பார்களா? கேட்டால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோ 1955 முதல் நடக்கிறது, நுழைய ஒரு பைசா வேண்டாம், ஆனால் அது தொழில்முறைக்காரர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு சோனியின் உலகப் போட்டியில் திறந்த பிரிவு இலவசம். துபாய்ப் போட்டியும் இலவசம்தான். லண்டன் காட்டுயிர்ப் போட்டியில் 17 வயதுவரை கட்டணம் இல்லை. உலகத்திலேயே பெரிய கதவுகள் திறந்து கிடக்கின்றன. சந்துக்குள் இருக்கிற ‘இன்டர்நேஷனல்’ கதவுக்குத்தான் 300 ரூபாய்.

துவாக்குடியிலிருந்து வருகிற ஒரு பாலிடெக்னிக் பையன் ராத்திரியில் பிரியாணி பார்சல் டெலிவரி செய்கிறான். போன மாதம் அந்தக் காசில் மூன்று போட்டிக்குக் கட்டினான். மூன்றிலும் பங்கேற்புச் சான்றிதழ். “அண்ணே, நான் சரியா எடுக்கலையோ?” என்று என்னிடம் கேட்கிறான். அவனுடைய கொள்ளிடம் பாலத்துப் படத்தைப் பார்த்தேன். எனக்கு அந்தக் கண் இல்லை. அவனைச் சந்தேகப்பட வைத்தவர்கள்மேல்தான் என் வயிற்றெரிச்சல் முழுதும்.

தம்பி, உனக்கும் உன்னைப் போன்றவர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த ஆகஸ்டில் அழைப்பு வரும்போது அந்த 300 ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்குப் போ. நீ எடுத்தவர்களின் முகங்களைப் பிரிண்ட் போட்டு அவரவர் கையில் கொடு. துளசிப் பாட்டிக்கு நான் கொடுத்தேன், சிரிக்கிற படம். மீதிக் காசை வைத்திரு. மொட்டை போட்டே தீர வேண்டும் என்றால் சமயபுரம் போ. அங்கே இலவசம், முடியும் திரும்ப வளர்ந்துவிடும்.